பெட்ரோல் வாடை

"டேங்க் காலிதானே? நான் ஸ்டவ்வைப் பத்த வைக்கலாமா?" காலையில் தையல் அறை வாசலில் நின்றுகொண்டு ஓரியே கேட்டாள்.

ஷுன்பேய் காரின் பின்பக்கம் குனிந்தான். பெட்ரோல் டேங்குக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோய், அவளுக்குக் கேட்கும்படி இரண்டு தடவை மூச்சை இழுத்தான். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணும் இல்ல. தாராளமா பத்த வை," என்றான்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நிமிடத்தில் தீக்குச்சி உரசும் சத்தமும், அதன் பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தமும் கேட்டன.

அவன் சொன்னது முழுப்பொய் இல்லை. மூச்சை இழுத்தபோது அவனுக்கு ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் அக்டோபர் மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு எதை முகர்ந்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாயெபாஷியில் இருந்த காது மூக்கு டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் போய்க் காட்டினான். திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அதை அவன் தன் மனைவி ஓரியேவிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் ஜனவரி வந்துவிட்டது.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. கிரியூ ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் இசொகாய் ஷுன்பேயைப் பற்றிப் பேசினால் முதலில் அவன் மூக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். புகைபோக்கிக்குப் பின்னால் நின்று ஒரு தடவை முகர்ந்துவிட்டு, எந்த சிலிண்டரில் எண்ணெய் எரிகிறது என்று சொல்லிவிடுவான் என்பார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் அந்தப் பேச்சில்தான் பட்டறை ஓடியது. மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் யார் வருவார்கள்? அதைவிட, ஓரியே அவனைப் பெட்ரோல் வேலையில் கை வைக்கவே விடமாட்டாள். அந்த ஊரில் வீட்டை ஆள்வது பெண்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். அவன் வீட்டில் அது கேலி இல்லை. ஓரியே அவனைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள்.

அதனால் மூக்கு செய்த வேலையைக் கண்ணையும் கையையும் செய்ய வைத்தான். ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்த்தான். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். மூன்று மாதமாக ஒரு தப்பும் நடக்கவில்லை.

அன்றைக்கு ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் நின்றது பல் டாக்டரம்மா நெகிஷியின் கார். நீண்ட முகப்பும் இரண்டே இருக்கையும் கொண்ட ஐம்பது வயது ஸ்போர்ட்ஸ் கார். வண்டியைப் பிரித்து, துருவை எடுத்து, வர்ணம் பூசி முடித்தாயிற்று. மிச்சம் இருந்தது பெட்ரோல் போகும் வழி முழுவதும். டேங்கிலிருந்து என்ஜின் வரை காரின் வயிற்றோடு ஓடும் இரும்புப் பைப்புகள், அவற்றின் இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ்கள், டேங்கின் ஆவியைக் கொண்டுபோகும் சின்ன ஹோஸ்கள். எல்லாம் கார் பிறந்த நாளில் போட்டவை. "ஜன்னலைச் சாத்திட்டு ஓட்டினா தலை வலிக்குது இசொகாய்-சான், நானே ஒரு பெட்ரோல் பங்க் மாதிரி மணக்கிறேன்னு பேஷன்ட் சொல்றாங்க," என்பதுதான் நெகிஷி முதன்முதலில் காரைக் கொண்டுவந்தபோது சொன்ன குறை. மார்ச்சில் அகாகி மலைமேல் நடக்கும் பழைய கார் சந்திப்புக்கு அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை.

பட்டறை ஒரு காலத்தில் நெசவு மில்லாக இருந்த கட்டடம். ரம்பப் பல் போன்ற கூரை. சாயத் தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய கால்வாய் ஒன்று தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், இரும்பு வலை மூடியோடு, இன்னும் இருந்தது. பிற்பாடு பலகைச் சுவர் வைத்துத் தடுத்துத்தான் ஓரியேவின் தையல் அறையை உண்டாக்கினார்கள். சுவர் தடுத்ததே தவிர, கால்வாய் அதன் அடியில் நேராக அவள் அறைக்குள் போயிற்று. அவள் அங்கே காரின் இருக்கைகளுக்கும் உட்பக்கப் பலகைகளுக்கும் தோல் தைத்துக்கொண்டிருந்தாள். பசை டப்பா திறந்திருந்தால் அவள் மூக்கில் வேறு எதுவும் ஏறாது. அதனால்தான் ஸ்டவ் பற்ற வைக்கும் முன் அவனைக் கேட்பாள்.

காலையில் டேங்கை வடித்தபோது காரின் முன்பக்கம் தூக்கி நின்றது. கடைசிச் சொட்டும் நின்றபின் அடைப்பை மூடினான். சாப்பாட்டுக்குப் பிறகு வேலைக்கு வசதியாகப் பின்பக்கத்தையும் தூக்கினான். டேங்கின் மூலையில் சாய்ந்து ஒளிந்திருந்த பெட்ரோல் அப்போது முன்னால் நகர்ந்து, ஹோஸ் மாட்டியிருக்கும் பக்கம் வந்து நின்றது. அவன் அதை யோசிக்கவில்லை.

சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, காரின் முன்பக்கம் தலையும் பின்பக்கம் காலுமாக உள்ளே போனான். பைப்பைப் பிடித்திருந்த கிளிப்புகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. ஒன்றைக் கழற்றினான். அடுத்தது வரவில்லை. பைப்பைக் கையால் பிடித்து வலதும் இடதுமாகத் திருகினான். அது கொஞ்சம் அசைந்தது. இன்னும் பலமாகத் திருகினான். வெளியே மலையிலிருந்து இறங்கும் காற்று தகரத்தைப் பிடுங்கிவிடுவதுபோல அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில், அவன் காலுக்குப் பக்கத்தில் பழைய ரப்பர் ஹோஸ் நீளவாக்கில் பிளந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

கிளிப் கழன்றது. அடுத்ததற்கு நகர்ந்தான். அதற்கும் அடுத்தது.

முதலில் தெரிந்தது குளிர்தான். இடது கெண்டைக்காலில் பனிக்கட்டி வைத்ததுபோல ஒரு குளிர். காற்று கதவு இடுக்கில் புகுந்து வருகிறது என்று நினைத்துக் காலை இழுத்துக்கொண்டான். துணி காலோடு ஒட்டியது. கையைக் கீழே விட்டுத் தொட்டுப் பார்த்தான். ஈரம். விரல்களைக் கண்ணுக்கு நேரே விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நுனி உலர்ந்து வெளுத்தது.

தண்ணீர் அப்படி உலராது.

தலையைத் திருப்பினான். விளக்கு வெளிச்சம் தரையில் ஒரு பாதைபோல நீண்டு பளபளத்தது. தரை பின்பக்கமாகச் சரிவு. அந்தப் பளபளப்பு காருக்கு அடியிலிருந்து கிளம்பி, ஒரு இடத்திலும் தேங்காமல், இரும்பு வலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று அவனுக்குத் தெரியாது. பலகைச் சுவருக்கு அப்பால் மிஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

"ஓரியே!"

மிஷின் ஓடியது.

அவன் உருண்டு வெளியே வந்தான். கை முதலில் போனது ஷட்டரின் பொத்தானுக்கு. தொடுவதற்கு முன் நின்றுவிட்டான். அது மின்சார ஷட்டர். பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் பொறி பறக்கும். தையல் அறையின் கதவுக்குப் போகலாம். ஆனால் அதன் கைப்பிடி இரும்பு. இந்த வறண்ட காற்றுக் காலத்தில் கம்பளிச் சட்டையோடு அதைத் தொட்டபோதெல்லாம் விரலில் சுரீர் என்று நெருப்பு கடிக்கும். நேற்றுகூட ஓரியே அதைத் தொட்டுவிட்டுத் திட்டியிருந்தாள். அதோடு, கதவைத் திறந்தால் இந்தப் பக்கத்து ஆவி முழுவதும் ஸ்டவ்வைப் பார்த்துப் போகும். ஹோஸை அழுத்திப் பிடிக்கலாமா? பிடித்தாலும் கால்வாய்க்குள் போனது போனதுதான்.

பக்கவாட்டில் ஒரு மரக்கதவு இருந்தது. தோளால் இடித்துத் திறந்து வெளியே ஓடினான்.

காற்று முகத்தில் அறைந்தது. கட்டடத்தைச் சுற்றி ஓடி, முற்றத்தில் துணி காயப்போடும் மூங்கில் கழியைத் தாண்டி, தையல் அறை ஜன்னலுக்கு வந்தான். உள்ளே ஓரியே அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடதுபக்கம் ஸ்டவ், கம்பி வலைக்குப் பின்னால் ஆரஞ்சு நெருப்பு, மேலே கெட்டில். ஸ்டவ்வின் காலுக்கு ஒரு முழம் தள்ளி கால்வாயின் வலை மூடி.

கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தான். அவள் திடுக்கிட்டுத் திரும்பி, "என்ன கூத்து இது?" என்பதுபோலக் கையை விரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்துவந்து ஜன்னலைத் திறந்தாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? தைக்கிற கை ஊசியில மாட்டியிருந்தா..."

"வெளிய வா. ஜன்னல் வழியா. இப்பவே."

"ஏன்? கதவு இல்லயா?"

"எதையும் தொடாதே. கால்வாய்ல பெட்ரோல்."

திறந்த ஜன்னல் வழியாக வந்த காற்று பசை வாடையைக் கலைத்திருக்க வேண்டும். அவள் மூக்கு சுருங்கியது. கண் அவன் நனைந்த காலுக்கு இறங்கியது. அவள் திரும்பி ஸ்டவ்வைப் பார்த்தாள்.

"அதை அணைச்சிட்டு வரேன்."

"வேண்டாம்! அந்த வலைகிட்ட போகாதே!" அவன் அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். அவள் முழங்கால் ஜன்னல் கட்டையில் மோதியது, ஒரு செருப்பு உள்ளேயே விழுந்தது, இரண்டு பேரும் முற்றத்து மண்ணில் விழுந்து எழுந்தார்கள்.

உள்ளே நெருப்பு மாறியிருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் அடக்கமாக இருந்தது இப்போது தலைதூக்கி, திரியைவிட உயரமாக, நுனியில் மஞ்சளாக ஆடியது. கெட்டிலின் பக்கவாட்டை நக்கியது. மண்ணெண்ணெய்தான் அங்கே எரிய வேண்டும். வேறு எதுவோ சேர்ந்து எரிந்தது.

"ஓடு," என்றான் ஷுன்பேய்.

ஓரியே ஓடவில்லை. ஈரத் துண்டுகள் தொங்கிய மூங்கில் கழியை உருவினாள். துண்டுகள் காற்றில் பறந்து போயின. கழியை ஈட்டிபோல ஜன்னலுக்குள் விட்டு, நீட்டி, ஸ்டவ்வின் வயிற்றில் ஒரு குத்து குத்தினாள். அது ஆடியது, நெருப்பு அணையவில்லை. "பூகம்பம் வந்தா தானா அணையும்னுதானே விக்கிறாங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஓங்கிக் குத்தினாள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். திரி கீழே இறங்கியது.

நெருப்பு உடனே சாகவில்லை. நீலமாக ஒரு வளையம் திரியின் மேல் நின்று துடித்தது. அது இருந்த நேரம் முழுவதும் ஷுன்பேய் மூச்சுவிடவில்லை. ஓரியே கழியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வளையம் சுருங்கியது, ஒரு பக்கம் அறுந்தது, போயிற்று.

அப்போதுதான் இருவரும் ஓடினார்கள். எதிர்வீட்டு மதில் சுவருக்குப் பின்னால் போய்க் குந்தினார்கள். ஏப்ரன் பையிலிருந்த போனை எடுத்து ஓரியே தீயணைப்புக்குப் பேசினாள். முகவரியைத் தெளிவாகச் சொன்னாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. கருவியை வைத்து அளந்தார்கள். கால்வாயில் உறிஞ்சு தூளைக் கொட்டினார்கள். மெயின் மின்சாரத்தைத் தெருவிலேயே நிறுத்தினார்கள். எல்லாம் அடங்கியபின் ஒரு இளம் அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஷுன்பேயிடம் வந்தான்.

"தெரு முனையில இறங்கும்போதே எங்களுக்கு வாடை அடிச்சுது. நீங்க அதுக்குள்ளயே படுத்திருந்திருக்கீங்க. எப்படிங்க தெரியாமப் போச்சு?"

"சளி," என்றான் ஷுன்பேய். "மூக்கடைப்பு."

ஓரியே அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் ஒரு தடவைகூட மூக்குச் சிந்தியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி போனபின் கேட்டாள்: "எப்பலேந்து?"

"என்னது?"

"போன மாசம் சோறு அடிப்பிடிச்சு வீடு பூரா புகை. நீ பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்த. வேலை யோசனையில இருக்கேன்னு நெனச்சேன். எப்பலேந்து?"

"அக்டோபர்."

"காலைல என்கிட்ட மோந்து காட்டினியே?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"கேக்கிறேன்ல? மோந்தியா, இல்ல மோந்து பாக்கிற மாதிரி நடிச்சியா?"

"நடிச்சேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். அவள் கீழே விழுந்து மண்ணாகிக் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"உன் மூக்கு போனது உன் தப்பு இல்ல. என் உசுரை இல்லாத ஒரு மூக்கு மேல வச்சியே, அதை நான் என்னன்னு சொல்றது?" என்றாள். துண்டுகளை அவன் கையில் திணித்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு நடந்துபோய்த் தன் காரை எடுத்துக்கொண்டு அஷிகாகாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வந்தாள். வீட்டுக்குள் வராமல் பட்டறை வாசலிலேயே நின்றாள்.

"இங்க வண்டி விட்டிருக்கிற எல்லாருக்கும் நீயே நேர்ல போய்ச் சொல்லணும். போன்ல இல்ல. அதுக்கப்புறம்தான் இந்தக் கதவு திறக்கும்."

வண்டி விட்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேட்டுக்கொண்டு தலையாட்டினார், அன்று மாலையே வேறு பட்டறையிலிருந்து ஆள் அனுப்பித் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஷுன்பேயால் முடியவில்லை.

நெகிஷி தன் கிளினிக்கில் இரண்டு நோயாளிகளுக்கு நடுவே அவனைப் பார்த்தார். அவன் சொல்லி முடிக்கும்வரை கையுறையைக் கழற்றவில்லை.

"இசொகாய்-சான், எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுதுன்னு வைங்க. அதை மறைச்சிட்டு உங்க பல்லைப் பிடுங்கினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"போலீஸுக்குப் போவேன், டாக்டரம்மா."

"நான் போகல. ஏன்னா நீங்களா வந்து சொல்லிட்டீங்க."

"நானா வரல. ஓரியே அனுப்பினா."

நெகிஷி முதன்முதலாகச் சிரித்தார். "அப்படின்னா கேளுங்க. வேலையை நீங்க முடிங்க. ஆனா ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஓரியே-சான் உள்ள உக்காந்து 'சரி'ன்னு சொல்லாத வரைக்கும் அந்தச் சாவி எனக்கு வேண்டாம். அவங்க ஒத்துக்கலைன்னா காரை அப்படியே இழுத்துட்டுப் போயிடறேன்."

ஓரியே ஒத்துக்கொண்டாள். அவனிடம் பேசுவது மட்டும் வேலைக்கு வேண்டிய சொற்களோடு நின்றது. கால்வாய் தன் சுவருக்கு அடியில் போகும் இடத்தை அவள் முதலில் சிமெண்ட் போட்டு அடைக்கச் சொன்னாள், அடைத்தான். ஸ்டவ் இருந்த இடத்தில் மின்சாரக் கம்பளி ஒன்றை விரித்து அதன்மேல் உட்கார்ந்து தைத்தாள். ஷுன்பேய் பெட்ரோல் ஆவி பட்டால் கத்தும் ஒரு கைக்கருவியை வாங்கினான்.

பிறகு வேலையில் இறங்கினான். பழைய பைப்பைத் தரையில் வைத்து, அதன் ஒவ்வொரு வளைவையும் பார்த்துப் புதிய பைப்பை வளைத்தான். வேகமாக வளைத்தால் உள்பக்கம் நசுங்கும். அதனால் மூச்சுவிடும் வேகத்தில்தான் வளைக்க வேண்டும். முனைகளில் ஹோஸ் நழுவாதபடி சின்ன விளிம்பு எழுப்பினான். புகைபோக்கிக் குழாயிலிருந்து தள்ளியே எல்லாம் ஓடும்படி கிளிப்புகளைப் பூட்டினான். பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸ்களை மட்டும் வாங்கினான். ரப்பரை வெட்டாத, வளையம்போலச் சுற்றி இறுகும் கிளிப்புகளைப் போட்டான். ஆவி ஹோஸ்கள் இருக்கைகளுக்குப் பின்னால், பக்கப் பலகைகளுக்கு உள்ளே ஓடின; அவற்றையும் மாற்றினான். கருவி எங்கேயும் கத்தவில்லை. அதன்பின் ஓரியே தோல் தைத்த பலகைகளை மேலே வைத்துத் தன் கையாலேயே பூட்டினாள்.

மலைமேல் சந்திப்பு நடக்கும் நாள் காலையில் நெகிஷி பட்டறைக்கு வருவதாகப் பேச்சு. அதற்கு முந்தின நாள் டேங்கை நிரப்பி, என்ஜினை ஓடவிட்டு, ஓரியேவை உள்ளே உட்காரவைத்து ஜன்னல்களை ஏற்றினான். வெளியே நின்று கண்ணாடி வழியாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். என்ஜின் சூடாயிற்று. அவள் கண்ணைத் திறந்தாள், தலையை இடதுபக்கம் திருப்பினாள், கதவைத் திறந்தாள்.

"இருக்கு."

"என்ன இருக்கு?"

"பெட்ரோல். லேசா. பின்னாலேந்து."

அவன் கருவியை எடுத்துக்கொண்டு டேங்க், பைப், ஹோஸ், கார்புரேட்டர் எல்லாவற்றிலும் ஓட்டினான். மௌனம். வெள்ளைக் காகிதத்தால் ஒற்றினான். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓட்டினான்.

"ஒண்ணும் இல்ல ஓரியே. புதுத் தோல், புதுப் பசை. அந்த வாடைதான் அது."

"என் பசை வாடை எனக்குத் தெரியாதா?"

"டேங்க் நிரப்பும்போது கொஞ்சம் சிந்திச்சு. அதுவா இருக்கும்."

"சிந்தினது வலதுபக்கம். இது இடதுபக்கம்."

"கருவி பொய் சொல்லுமா?"

"கருவியை வச்சுக்கிட்டே சொல்றேன், இருக்கு." அவள் குரல் தணிந்தது. "இப்போ உனக்கு முன்னால ரெண்டு வழிதான். என்னை நம்பு, இல்ல நாளைக்கு அந்தம்மாவை இதுல உக்கார வை."

ஷுன்பேய் அவளைப் பார்த்தான். அவன் கை ஒவ்வொரு இணைப்பையும் இறுக்கியிருந்தது. கண் ஒவ்வொன்றையும் பார்த்திருந்தது. அந்தக் கையையும் கண்ணையும் விட்டால் அவனிடம் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? பலகையைக் கழற்றினால் அவள் நாள்கணக்கில் ஒட்டிய தோல் கிழியும். நாளைக்குள் முடியாமலும் போகலாம். அதை அவளும் அறிவாள். அறிந்துதான் சொல்கிறாள்.

"இடதுபக்கம்தானே?" என்று கேட்டுவிட்டு என்ஜினை நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

பலகையின் விளிம்பில் தோல் சர்ரென்று பிரிந்தது. ஓரியே முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசி ஸ்க்ரூ மற்றவற்றைவிட நீளமாக வந்துகொண்டே இருந்தது. அது வெளியே வந்ததும் கையில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது.

விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தான். டேங்கிலிருந்து வரும் ஆவி ஹோஸில், அந்த ஸ்க்ரூவின் நுனி இருந்த இடத்தில், ஊசி குத்தியதுபோல ஒரு துளை. டேங்க் நிறைந்து, சூடாகி, ஆவி அழுத்தும்போது மட்டும் கசியும் துளை. பலகை மேலே இறுக்கமாக மூடியிருந்ததால் கருவிக்கு எட்டவில்லை. இடுக்கு வழியாக மெல்லிசாகக் காருக்குள் மட்டும் வந்திருக்கிறது, கருவி கத்தும் அளவுக்கு இல்லை. ஜன்னலை மூடிக்கொண்டு மலை ஏறியிருந்தால் நெகிஷிக்கு எத்தனை வளைவு வரை தலை சுற்றாமல் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஓரியே ஸ்க்ரூவை அவன் கையிலிருந்து வாங்கி, மற்றவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது நான் போட்டது," என்றாள். "ஒண்ணு குறைஞ்சுது. மேஜையில கிடந்ததை எடுத்துப் போட்டுட்டேன். அளவு பாக்கல."

அவன் துளை விழுந்த ஹோஸைக் கழற்றத் தொடங்கினான்.

"ஏதாவது சொல்லித் தொலை. இத்தனை நாள் நான் உன்னைப் போட்டுப் படுத்தினதுக்கு இப்போ சொல்லேன்."

"நீ உடனே சொல்லிட்ட," என்றான் ஷுன்பேய். "நான் மூணு மாசம் சொல்லல. ரெண்டும் ஒண்ணு இல்ல."

அவள் ஸ்க்ரூவை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு கத்தரியைத் தேடிப் போனாள். அவன் புதிய ஹோஸை அளந்து வெட்டினான். மாலை வரை ஒருவர் பக்கத்தில் ஒருவர் வேலை செய்தார்கள். பொழுது சாய்வதற்குள் பலகை மறுபடி பூட்டப்பட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அவள் நீட்ட, அவன் அளந்தான். அவள் மறுபடி உள்ளே உட்கார்ந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முதல் தடவையைவிட நீளமாக இருந்தது. கதவைத் திறந்து, "தோல் வாடை. பசை வாடை. என் தலைக்கு வச்ச ஷாம்பூ. அவ்வளவுதான்," என்றாள்.

மறுநாள் காலை நெகிஷி வந்ததும் நடந்ததை அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள், ஸ்க்ரூவையும் காட்டினார்கள். நெகிஷி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. மலை ஏறும்போதும் ஓரியே-சான் பக்கத்துல உக்காரணும். இசொகாய்-சான், உங்களுக்கு இடம் இல்ல. ரெண்டே சீட்டு."

அவர்கள் போனார்கள். ஷுன்பேய் ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கினான். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். சாப்பிட வாங்கி வைத்த, மிசோ என்ற சோயா விழுது தடவிய சுட்ட பன் ஆறி இறுகியது. போன் மேஜைமேல் கிடந்தது. ஒருமுறை அது அதிர்ந்தபோது பாய்ந்து எடுத்தான், ரப்பர் கடைக்காரர். அதன்பின் வாசலிலேயே நின்றான். வளைவுகளை மனதுக்குள் எண்ணினான். இந்நேரம் பாதி மலை. இந்நேரம் ஏரிக்கரை. இந்நேரம் இறக்கம், என்ஜின் சூட்டின் உச்சம்.

மதியத்துக்கு மேல் தெருக்கோடியில் அந்த என்ஜினின் சத்தம் கேட்டது. கார் உள்ளே வந்து நின்றது. ஜன்னல் இரண்டும் மேலே ஏற்றியே இருந்தன. நெகிஷி முகம் சிவந்து, சின்னப் பெண்போலச் சிரித்துக்கொண்டு இறங்கினார். ஓரியே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

ஷுன்பேய் அவளிடம் ஓடினான். "என்னாச்சு? வாடை வந்துச்சா?"

"ஒரு வாடையும் இல்ல. கார் நல்லாத்தான் இருக்கு." ஓரியே வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்தம்மா ஓட்டுறதுதான் சரியில்ல. ஒரு வளைவுலயும் பிரேக்கைத் தொடல."

"தொட்டேனே," என்றார் நெகிஷி. "ரெண்டு தடவை."

சாவியை இனித் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லி, இருவருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, நெகிஷி காரை எடுத்துக்கொண்டு போனார். சத்தம் தேய்ந்து மறையும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். ஓரியே படிக்கட்டில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள். ஷுன்பேய் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்," என்றாள் அவள், தண்ணீரை வாங்கிக்கொண்டே.

"தெரியும்."

"சும்மா சொல்லிவச்சேன்."

அவன் அவளுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தான். அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். நகரவில்லை, அவனை நகரச் சொல்லவும் இல்லை. குடித்த மிச்சத் தண்ணீரை மட்டும் அவன் பக்கமாக நீட்டினாள்.